திரும்பி வந்தவையும் வராதவையும்

*மெல்பர்ன் மலையடிவாரத்துத் தமிழ்க் குடும்பம் ஒன்றுடன், பூர்வகுடிகளின் கலாசார நிலையங்களை நாடிச் சென்ற சிறப்புக் கட்டுரை*

மெல்பர்ன் மாநகரம் கிழக்கே தீர்ந்துபோய் டாண்டினோங் மலைத்தொடர் தொடங்குகிற இடத்தில், சுற்றிலும் மேடுகள் சூழக் கிண்ணத்தின் அடிபோலத் தாழ்ந்து கிடக்கும் 'த பேசின்' என்னும் சிற்றூரில், மவுண்டன் ஹைவே என்ற மலைச்சாலையின் ஓரமாக எழுந்தருளியிருக்கும் வக்ரதுண்ட விநாயகரின் சந்நிதியில், ஆனி மாதத்துக் குளிர் எலும்பைத் துளைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், கம்பளிக் குல்லாயும் பட்டுக்கரை வேட்டியுமாக நின்றுகொண்டிருந்தார் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர். வெளியே யூக்கலிப்டஸ் மரங்களின் மேல் வெள்ளைக் காக்கட்டூக் கிளிகள், கோயில் மணிக்குத் தாங்கள் எவ்விதத்திலும் இளைத்தவர்கள் அல்லர் என்று நிரூபிப்பவைபோலக் கத்திக்கொண்டிருந்தன. அர்ச்சனைக்குச் சங்கல்பம் நடந்தது. இன்ன துவீபம், இன்ன வருஷம், இன்ன திதி என்று காலத்தையும் தேசத்தையும் ஒழுங்காக அறிவித்துவிட்டே தெய்வத்திடம் விண்ணப்பம் வைக்க வேண்டும் என்பது நம் சம்பிரதாயமல்லவா? பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற பேத்தி, தட்டு திரும்பி வரும்வரை பொறுத்திருந்து மெல்லக் கேட்டாள்:

"அம்மப்பா, ஐயர் இடம் சொன்னவரெல்லோ? இந்த மலையின்ரை பேரும் அதுக்குள்ள வந்ததோ?"

"மலைக்கு ஒரு பேர் இருக்கெண்டே எனக்குத் தெரியாது, பிள்ளை. டாண்டினோங் எண்டுதானே எல்லாரும் சொல்லீனம்."

பள்ளிக்கூடத்தில் அவளுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள்: இந்த நிலத்தின் ஆதி உரிமையாளர்களாகிய வுருன்ஜெரி ஜனங்கள் இம்மலையை அழைத்த பெயர் கொரன்வரபுல். அதை அவள் சொன்ன விதமும், முப்பத்தைந்து வருஷமாக இந்த மலையின் நிழலில் பிள்ளையாரைக் கும்பிட்டு வரும் பெரியவர் அதைக் கேட்டு ஒரு கணம் பேசாதிருந்த விதமும், ஆசிரியர் எனக்கு இட்டிருந்த பணியை எங்கே தொடங்குவது என்ற குழப்பத்தைத் தீர்த்துவைத்தன. பொங்கல் உண்ட கையோடு மூவரும் காரில் ஏறினோம்.

ஷையர் அலுவலகம் சித்திரசாலையானது

த பேசினிலிருந்து மலையின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு கால் மணி நேரம் போனால் அப்வே என்ற ஊர் வரும். அங்கே கிளென்ஃபெர்ன் சாலையில் நிற்கிற பரிஞ்சா கலாசார நிலையம், வெளித்தோற்றத்தில் யாரையும் மயக்கக்கூடிய கட்டடம் அன்று. நம்மூர்ப் பஞ்சாயத்து யூனியன் ஆபீஸைச் சற்று வசதியாகக் கட்டினால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கிறது. அதில் வியப்பதற்கும் ஒன்றுமில்லை, ஏனெனில் அது ஷெர்புரூக் ஷையரின் அலுவலகமாகவே இருந்தது. 1994-இல் விக்டோரியா அரசாங்கம் சிறிய ஷையர்களையெல்லாம் ஒன்றோடொன்று சேர்த்துக் கலைத்தபோது வேலையற்றுப்போன அக்கட்டடத்தை, கைவிட்டுப் போகாமல் ஊர் ஜனங்கள் காப்பாற்றி, நாடக அரங்கமும் சித்திரக்கூடமும் சிற்றுண்டிச்சாலையும் கொண்ட பொதுநிலையமாக்கினார்கள். பூர்வகுடிகளின் சித்திரங்களும் பசிபிக் தீவினரின் செதுக்குவேலைகளும் அங்கே சேகரத்தில் உள்ளன. பரிஞ்சா என்பது, இந்த ஊரில் வாழ்ந்து 1996-இல் தமது 47-ஆவது வயதில் காலமான யோர்ட்டா யோர்ட்டா இனத்து ஓவியர் லின் ஓனஸின் குலப்பெயர்.

இத்தகைய நிலையங்களின் வாசலில் ஓர் அறிவிப்புப் பலகை இருப்பது வழக்கம். உள்ளே காலமானவர்களின் உருவங்களும் குரல்களும் இருக்கக்கூடும் என்று அது பூர்வகுடிப் பார்வையாளர்களை முன்கூட்டியே எச்சரிக்கும். இறந்தவர் பெயரைச் சிறிது காலத்துக்கு உச்சரியாமலும் உருவத்தைக் காட்டாமலும் இருப்பது அவர்களில் பலருடைய ஆசாரம். பிரேமிட்ட படத்துக்குச் சந்தனமாலை சார்த்தி வரவேற்பறையில் மாட்டும் நமக்கு இது நேர்மாறான பழக்கமாகத் தோன்றலாம். ஆனால் மூத்தவர் எவரானாலும் அவரை வெறும் பெயரால் அழைக்காமல் 'ஆண்டி' என்றும் 'அங்கிள்' என்றும் உறவு வைத்து விளிக்கும் அவர்களுடைய வழக்கத்தைக் கேட்டதும், பெரியவருக்குத் தம் ஊருக்கே போய்விட்ட மாதிரி இருந்தது. வெள்ளைக்காரப் பாஷையில் நம்மைத் தவிர வேறு யாரும் இப்படிப் பேசுவதில்லை என்று அவர் இத்தனை காலம் நினைத்திருந்தாராம்.

மலையடியில் ஒரு பூமராங் கடை

பரிஞ்சாவின் கதையைச் சொல்ல வேண்டுமானால் அதற்கு முன்னால் அப்வே வழியாகப் போகும் ரயில் பாதையின் கடைசி ஸ்டேஷனாகிய பெல்கிரேவில் இருந்த ஒரு கடையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். லின் ஓனஸின் தகப்பனார் பில் ஓனஸ் 1906-இல் மரே நதிக்கரையிலுள்ள கம்மராகுஞ்சா என்ற குடியேற்றத்தில் பிறந்தவர். அங்கே நிர்வாகியின் கொடுமையைப் பொறுக்கமாட்டாமல் 1939 பிப்ரவரியில் ஜனங்கள் திரளாக நதியைக் கடந்து வெளியேறினார்கள். இத்தேசத்துப் பூர்வகுடி இயக்கத்தின் சரித்திரத்தில் அந்த வெளிநடப்புக்குத் தனி ஸ்தானம் உண்டு. பில் ஓனஸ் அந்தத் தலைமுறையின் பிரசங்கி, நாடகக்காரர், போராட்டக்காரர். அவர் 1952-இல் பெல்கிரேவில் 'அபாரிஜினல் என்டர்பிரைசஸ்' என்ற கடையைத் திறந்து, மலைக்குக் காற்று வாங்க வரும் நகரத்தாருக்குப் பூமராங்கும் சித்திரம் தீட்டிய பாத்திரங்களும் விற்றார். கடைக்கு வெளியே தாமே பூமராங் வீசிக் காட்டி, அது வானத்தில் வட்டமிட்டுத் தம் கைக்கே திரும்பும் வித்தையைக் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் பார்க்கும்படி செய்தார்.

வேடிக்கை காட்டிப் பிழைத்தார் என்று இதனைக் குறைவாக மதிப்பிடுவோர் அன்றும் இருந்திருப்பார்கள். ஆனால் தம் இனத்தாரின் கைவேலையைத் தம் இனத்தாரே செய்து, தாங்களே விலை குறித்து விற்கும் இடம் அக்காலத்தில் எத்தனை இருந்தன என்று எண்ணிப் பார்த்தால், அந்தச் சிறு கடை ஒரு பிரகடனமாகவே தோன்றும். 1967-இல், தேசத்தின் ஜனத்தொகைக் கணக்கில் பூர்வகுடிகளையும் சேர்ப்பதற்கான சர்வஜன வாக்கெடுப்பு வந்தபோது அவர் அதற்காகப் பாடுபட்டார்; நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் சம்மதம் என்று வாக்களித்தார்கள். அடுத்த ஜனவரியிலேயே அவர் காலமானார்.

> வளரியும் பூமராங்கும்
> பூமராங் என்றவுடன் 'நம் வளரிதான் அது' என்று சொல்லாத தமிழர் அபூர்வம். மருது சகோதரர்களின் சேனையில் வளரி வீச்சு பிரசித்தமானது. சின்ன மருதுவிடமே அதைக் கற்றதாகக் கும்பெனிப் படைத் தளகர்த்தர் ஜேம்ஸ் வெல்ஷ் 1830-இல் வெளியான தம் நினைவுக்குறிப்பில் எழுதினார். ஆனால் ஒன்று: வேட்டைக்கும் போருக்குமான ஆஸ்திரேலியப் பூமராங்குகளிலும் பெரும்பாலானவை திரும்பி வருவதில்லை. இலக்கைத் தாக்கி விழவேண்டிய ஆயுதம் ஏன் திரும்பி வரவேண்டும்? திரும்புவது இலேசான ஒரு வகை மட்டுமே.
> பாஷை விஷயத்திலும் கால்டுவெல் ஐயர் முதலாகப் பலர் திராவிட மொழிகளுக்கும் ஆஸ்திரேலிய மொழிகளுக்கும் உறவு தேடினார்கள். இன்றைய மொழிநூலார் அந்த உறவை ஒப்புவதில்லை. எனினும் தமிழில் சொல்லுக்கு முதலில் வர இடமின்றி அரிச்சுவடியில் சும்மா உட்கார்ந்திருக்கும் நம் 'ங' எழுத்துக்கு இங்கே நிறைய உத்தியோகம் இருக்கிறது: இம்மலையின் புதிய நடைபாதைக்கு வைத்திருக்கும் பெயர் 'ஙுராக் பாரிங்', மலைப்பாதை என்பது பொருள்.

உபதேசம் பெற்ற கோடுகள்

அந்தக் கடையில் வேலை செய்து வளர்ந்த பிள்ளை லின். தாயார் ஸ்காட்லாந்துக்காரர். பள்ளிப்படிப்பு பாதியிலேயே நின்றது. கார் பழுதுபார்க்கும் தொழிலில் இருந்தவர், 1970-களின் நடுவில் தாமாகவே சித்திரம் தீட்டக் கற்றுக்கொண்டார். காடும் நீரும் நிழலும் அசலாகவே தெரியும்படி எழுதுகிற ஐரோப்பிய வழியில் அவர் கை தேர்ந்தது. ஆனால் தம் முன்னோரின் கோலங்கள் என்று சொல்லிக்கொள்ளத் தம்மிடம் மிஞ்சியது கொஞ்சம் என்ற குறை அவருக்கு இருந்தது. தென்கிழக்கில் குடியேற்றத்தின் முழு வேகத்தையும் தாங்கிய சமூகங்கள் எத்தனையோ இழந்துவிட்டன.

1986-இல் அவர் வடகோடியிலுள்ள மானிங்ரிடாவுக்குப் போனார். அங்கே ஜாக் வுனுவுன் என்னும் முதிய ஓவியர் இவரைத் தம் குடும்பத்தில் ஏற்று, 'ரார்க்' எனப்படும் நுண்ணிய குறுக்குக் கோட்டு வேலையைப் பயன்படுத்த அனுமதி தந்தார். அனுமதி என்ற சொல்லை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ரார்க் யாரும் பார்த்துப் போடக்கூடிய அலங்காரம் அன்று; இன்ன குலத்துக்கு இன்ன கோலம் என்று உரிமை வகுக்கப்பட்டது. உபதேசம் பெறாதவன் மந்திரத்தை எழுத்துக்கூட்டி வாசித்தாலும் அது அவனுக்கு மந்திரமாகாது என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, அதே நியாயம். ஆயிரம் மைல்களுக்கு அப்பாலிருந்து வந்த, வேறு பாஷையும் வேறு காடும் உடைய ஒருவருக்கு அந்த உரிமையை ஒரு முதியவர் மனமுவந்து கொடுத்தார் என்பதை நினைக்கும்போது, கோட்டோவியம் என்று நாம் சாதாரணமாகச் சொல்லிக் கடந்துபோகிற காரியத்தின் கனம் விளங்குகிறது.

அந்த உரிமையை வைத்துக்கொண்டு லின் ஓனஸ் செய்த காரியத்தைச் சிட்னிக்குப் போகிறவர்கள் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தின் சேகரத்தில் தேடிப் பார்க்கலாம். ஆஸ்திரேலிய வீட்டின் கொல்லைப்புறம் ஒவ்வொன்றிலும், நம் வீட்டுத் துளசி மாடத்தைப்போலத் தவறாமல் நிற்கிற ஒரு பொருள் உண்டு: துணி உலர்த்துவதற்கான, குடைபோல் விரிந்து சுழலும் இரும்புக் கம்பி. 'ஹில்ஸ் ஹாய்ஸ்ட்' என்பார்கள். 1991-இல் அவர் அப்படிப்பட்ட ஒரு கம்பியை நிறுத்தி, ஃபைபர்கிளாசில் வார்த்த நூறு பழந்தின்னி வௌவால்களை அதில் தலைகீழாகத் தொங்கவிட்டார். ஒவ்வொரு வௌவாலின் உடம்பிலும் ரார்க் கோடுகள். கீழே தரையில் வௌவால் எச்சத்துக்குப் பதிலாகப் பூப்போட்ட சிறு சிறு வட்டத் தகடுகள். முதலில் பார்க்கிறவனுக்குச் சிரிப்பு வரும். பிறகு, இத்தேசத்து மத்தியதர வாழ்வின் அந்தரங்கமான முற்றத்துக்கே பழைய குடித்தனக்காரர்கள் ஓசைப்படாமல் வந்து தொங்குகிறார்கள் என்பது உறைக்கும். வசைபாடாமல், வாள் எடுக்காமல், துணிக்கொடியைக் கொண்டே ஒரு தேசத்தைச் சங்கடப்படுத்திய இந்தச் சாமர்த்தியத்தை நான் நெடுநேரம் நின்று அனுபவித்திருக்கிறேன்.

பராக்கின் முகம்

மலைக்கு வடக்கே ஹீல்ஸ்வில் ஊர் அருகில் கொராண்டெர்க் என்ற பூர்வகுடிக் குடியேற்றம் இருந்த நிலம் கிடக்கிறது. கோடையில் வெண்ணிறமாகப் பூக்கும் ஒரு செடியின் பெயர் அது. 1863-இல் வுருன்ஜெரித் தலைவர் சைமன் வொங்காவும் அவர் உறவினர் வில்லியம் பராக்கும் தம் ஜனங்களோடு நடந்து வந்து அவ்விடத்தில் குடியேறி, காடு திருத்திப் பயிர் செய்தார்கள். மதுவடிக்கப் பயன்படும் ஹாப்ஸ் கொடியை அவர்கள் வளர்த்த நேர்த்திக்கு மெல்பர்ன் கண்காட்சியில் பரிசும் கிடைத்தது. நன்றாக விளைந்ததே வினையாயிற்று. நல்ல நிலத்தின் மீது அக்கம்பக்கத்தாரின் கண் விழுந்தது. குடியேற்றத்தை மூடிவிடக் கூடாதென்று முறையிட, பராக் அறுபது கிலோமீட்டர் தூரம் மெல்பர்னுக்கு ஒரு தடவையல்ல, பல தடவை கால்நடையாகவே போனார். 1881-இல் விசாரணையும் நடந்தது. 1886-இல் வந்த சட்டமோ, கலப்பு இரத்தம் உடைய, 34 வயதுக்குட்பட்டவர்களெல்லாம் குடியேற்றத்தை விட்டு வெளியேற வேண்டும் என்றது. உழைக்கக்கூடிய வாலிபர்களைப் பிரித்துவிட்டால் மிச்சம் தானே உதிர்ந்துவிடும் என்ற கணக்கு பொய்க்கவில்லை. 1924-இல் கொராண்டெர்க் மூடப்பட்டது.

1903-இல் காலமான பராக், கடைசிக் காலத்தில் காவிக்கல்லும் கரியும் கொண்டு தம் ஜனங்களின் சடங்குகளைச் சித்திரமாகத் தீட்டினார். அயலார் ஒருவருக்கு அவர் கொடுத்த சித்திரம் ஒன்றும் மரக்கேடயம் ஒன்றும் 2022 மே மாதத்தில் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தன. வுருன்ஜெரி வம்சத்தார் பொதுஜனங்களிடம் நிதி திரட்டியும், மாநில அரசாங்கத்தின் பெருந்தொகையைத் துணைக்கொண்டும் ஏலத்தில் நின்று, இரண்டையும் அரை மில்லியன் டாலருக்கு மேல் கொடுத்து மீட்டார்கள். தம் பாட்டன் வரைந்ததைத் தாமே விலை கொடுத்து வாங்கும் நிலையைப் பற்றிப் பெரியவர் சொன்னது ஒரே வார்த்தை: "அடகு." மெல்பர்னின் மையத்தில் சுவான்ஸ்டன் சாலையில், 2015-இல் எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் முகப்பு முழுவதும், பால்கனிகளின் வளைவுகளாலேயே பராக்கின் முகத்தை அமைத்திருக்கிறார்கள். நிலம் கேட்டு நடந்து வந்தவருக்கு நகரம் இறுதியில் ஒரு கட்டடத்தைக் கொடுத்தது. அதில் குடியிருப்பவர்கள் வேறு யாரோ.

மீட்ட சித்திரத்தில் பெண்கள் பாசம் தோல் போர்வை அணிந்திருக்கிறார்கள். பாசம் என்பது மரத்தில் வாழும், பூனையளவுள்ள இரவுப் பிராணி. குழந்தைக்குச் சில தோல்களைத் தைத்துத் தொடங்கி, ஆள் வளர வளரத் தோல்களைச் சேர்த்து, உள்புறத்தில் சிப்பியால் கீறிக் குலக்குறிகள் வரைந்து, இறுதியில் அதிலேயே சுற்றி அடக்கம் செய்வார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் போர்வைகளில் மெல்பர்ன் அருங்காட்சியகத்தில் எஞ்சியிருப்பவை இரண்டே. போர்வைக்குப் பதிலாக அரசாங்கம் வழங்கிய கம்பளி, மழையில் நனைந்தால் உலராமல் நோயைக் கொடுத்தது. தோல் தைக்கும் வித்தை மறைந்தது. 1999-இல் விக்கி கசன்ஸ், டெப்ரா கசன்ஸ், டிரியானா ஹாம், லீ டாராக் ஆகிய பெண் கலைஞர்கள் நால்வர் அந்தப் பழைய போர்வைகளைப் பார்த்துப் பார்த்துத் தைக்கக் கற்றார்கள். 2006 காமன்வெல்த் விளையாட்டின் தொடக்க விழாவில் மூத்தோர்கள் புதுப்போர்வை போர்த்தி நடந்தார்கள். தோல் எங்கிருந்து வந்தது? விக்டோரியாவில் பாசத்தைத் தோலுக்காகக் கொல்லச் சட்டம் இடந்தராது. மென்மயிருக்காக 1837 முதல் இங்கிருந்து நியூசிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கே பல்கிப் பெருகித் தொல்லையாகிவிட்ட பாசங்களின் தோல் கடல் கடந்து வருகிறது.

> 38 பேர்
> மெல்பர்ன் பல்கலைக்கழகத்திலும் அரசு அருங்காட்சியகத்திலும் பெட்டிகளில் அடுக்கியிருந்த பூர்வகுடிகளின் எலும்புகளை மீட்க, குண்டிட்ஜ்மாரா இனத்தவராகிய ஜிம் பெர்க் 1980-களில் சட்டத்தின் வழியே போராடினார். 1985 நவம்பரில் 38 பேரின் எச்சங்கள் கிங்ஸ் டொமெய்ன் பூங்காவில் அடக்கம் செய்யப்பட்டு, மேலே ஒரு பாறை வைக்கப்பட்டது. அதே ஆண்டில் அவர் தம் வழக்கறிஞர் நண்பர்கள் ரான் காஸ்டன், ரான் மெர்க்கல் ஆகியோருடன் தொடங்கியதுதான் கூரி ஹெரிடேஜ் டிரஸ்ட். இன்று ஃபெடரேஷன் ஸ்குவேரில் இருக்கிறது.

நடராஜர் எங்கே திரும்பினார்?

இதையெல்லாம் அயலார் சங்கதி என்று கேட்டுவிட்டுப் போகத் தமிழனால் இயலாது. அரியலூர் பக்கத்து ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன நடராஜர், கான்பராவிலுள்ள தேசியக் கலைக்கூடத்துக்கு 2008-இல் ஐம்பது லட்சம் அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டார். விருத்தாசலத்து அர்த்தநாரீசுவரர் சிட்னிக் கலைக்கூடத்தில் நின்றார். 2014 செப்டம்பரில் பிரதமர் டோனி அபட் டில்லிக்கு விஜயம் செய்தபோது இருவரையும் கொண்டுவந்து ஒப்படைத்தார். பத்திரிகைகள் கொண்டாடின. ஆனால் ஸ்ரீபுரந்தான் ஊரார் தங்கள் கூத்தனுக்குக் கற்பூரம் காட்டும் நாள் அன்றே வந்துவிடவில்லை. மூர்த்தி கும்பகோணம் நீதிமன்றத்துக்குப் போய், அங்கிருந்து சிலைப் பாதுகாப்பு மையத்தின் பூட்டுக்குள் போனார். களவுக்குப் பயந்து வைத்த பூட்டு என்பது நியாயமே. தேசத்துக்குத் திரும்புவது வேறு, வீட்டுக்குத் திரும்புவது வேறு என்பதை வுருன்ஜெரி ஜனங்கள் நன்கறிவார்கள். அதனால்தான் பராக்கின் சித்திரம் யாருடைய பொறுப்பில் இருக்கும் என்பதிலும் அவர்கள் கருத்தாக இருந்தார்கள்.

இதற்கிடையே சந்தை தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது. பூர்வகுடிக் கலை என்று பெயர் சூட்டிய நினைவுப்பொருள்களுக்குச் செலவாகும் பணத்தில் பாதிக்குமேல் போலிக்கே போகிறது என்று ஆஸ்திரேலிய உற்பத்தித்திறன் ஆணைக்குழு 2022-இல் கண்டது. இந்தோனேசியாவில் செய்த பூமராங்குகளைக் கையால் தீட்டிய அசல் என்று விற்ற ஒரு நிறுவனத்துக்குக் கூட்டாட்சி நீதிமன்றம் 2019-இல் 23 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. ஆகவே வாங்குகிறவர்கள், செய்தவர் பெயரும் அவருடைய குலமும் சீட்டில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குவது உத்தமம். பெரியவர் பேத்திக்கு ஒரு சிறு பூமராங் வாங்கினார். சீட்டைக் கண்ணாடி போட்டு இரண்டு தரம் வாசித்தார். விலையைப் பற்றி முணுமுணுக்கவும் செய்தார்.

ஆரின்ரை காணி?

யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்ற பொய்யான தத்துவத்தை ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம் 1992 ஜூன் 3-ஆம் தேதி மாபோ வழக்கில் தள்ளியது. பூர்வகுடிகளின் 'குரல்' என்னும் ஆலோசனை அமைப்பை அரசியலமைப்பில் சேர்க்கும் யோசனையை 2023 அக்டோபர் 14-இல் வாக்காளர்களில் நூற்றுக்கு 60 பேர் நிராகரித்தார்கள். எல்லா மாநிலங்களும் இல்லை என்றன. விக்டோரியாவோ, பூர்வகுடிகளோடு ஒப்பந்தம் செய்யும் சட்டத்தை 2025-இல் நிறைவேற்றியது. வாக்கெடுப்பின்போது நம்மவர் வீடுகளில் நடந்த வாதங்களை நான் கேட்டிருக்கிறேன். 'நாங்களும் உழைத்துத்தான் முன்னேறினோம், இவர்களுக்கு மட்டும் ஏன் தனிச்சலுகை?' என்று கேட்டவர்களில், எரிந்த யாழ்ப்பாண நூலகத்தையும் முள்வேலிக்குள் போன காணியையும் பற்றிக் கண்ணீரோடு பேசுகிறவர்களும் இருந்தார்கள். இழப்பு மனிதனுக்கு இரக்கத்தைக் கற்பிக்கும் என்பது எப்போதும் உண்மையாவதில்லை.

பெரியவர் அப்போது எப்படி வாக்களித்தார் என்று நான் கேட்கவில்லை. மாலையில் த பேசினுக்குத் திரும்பும்போது, வலிகாமத்தில் இராணுவம் எடுத்துக்கொண்ட தம் தோட்டக்காணியின் வரைபடத்தை இன்னும் டிரங்குப் பெட்டியில் வைத்திருப்பதாகச் சொன்னார். சற்று நேரம் கழித்து, "அப்ப எங்கட கோயில் நிக்கிற நிலம் ஆரின்ரை காணி, தம்பி?" என்றார். மலை முகட்டில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. பேத்தி பின்சீட்டில் பூமராங்கை மடியில் வைத்துக்கொண்டு அரைத் தூக்கத்தில் இருந்தாள்.

"பிள்ளை, உந்த மலையின்ரை பேரை இன்னொருக்காச் சொல்லு."

சொன்னாள். அவர் அதைத் தம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். சரியாக வரவில்லை. மறுபடியும் சொல்லச் சொன்னார்.